காடுகளுக்காக ஒரு செய்திப் பிரிவு: அமெரிக்க வனத்துறையின் விளம்பரப் பணி, 1898–1911

ஆய்வின் எல்லை

1898 முதல் அமெரிக்க வனத்துறை காடு காக்கும் வேலையோடு செய்தி பரப்பும் வேலையையும் சேர்த்தே நடத்தியது. பத்திரிகைகளுக்குக் குறிப்பு எழுதுவதற்கென்றே ஆட்களை வைத்துக்கொண்ட முதல் அரசு அலுவலகங்களில் அதுவும் ஒன்று. அந்த வேலையால் காப்புக்காடுகளின் பரப்பு பல மடங்கு கூடியது. அதையே காரணம் காட்டி நாடாளுமன்றம் துறையின் செலவுக் கணக்கில் கைவைத்தது. கடைசியில், பத்திரிகைக்குத் தகவல் போன விவகாரத்தில் துறைத் தலைவரின் பதவியே போனது.

இன்று ஒரு காட்டுக்காகவோ ஏரிக்காகவோ மக்களிடம் பேசப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்தவற்றை வரிசையாகப் பதிவு செய்கிறோம். பொதுவாழ்வில் இருந்தவர்களை மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறோம். அலுவலகத்தில் எழுதியவர்களும், ஊர்ப் பத்திரிகை ஆசிரியர்களும், ரேஞ்சர்களும் பெயரில்லாமலே வருகிறார்கள்.

பின்னணி: யாரிடமும் சொல்லாமல் அறிவித்த காடுகள்

1891 மார்ச் 3-ல் நிறைவேறிய சட்டத்தின் ஒரு பிரிவு, அரசு நிலத்திலுள்ள காடுகளை அறிவிக்கை மூலம் ஒதுக்கிவைக்க அதிபருக்கு அதிகாரம் கொடுத்தது. ஒதுக்கிய காட்டை எப்படி நடத்துவது என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. மரம் வெட்டலாமா, ஆடு மாடு மேயலாமா, யாரிடம் அனுமதி கேட்பது என்று எதுவும் தெரியாது. மேற்கு மாநிலத்தில் குடியேறியிருந்த விவசாயிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நேற்றுவரை விறகு வெட்டிய மலை இன்று பூட்டப்பட்டுவிட்டது.

1897 பிப்ரவரி 22-ல் அதிபர் குரோவர் கிளீவ்லாந்து, பதவிக்காலம் முடியப் பத்து நாள் இருக்கும்போது, 13 காப்புக்காடுகளை ஒரே நாளில் அறிவித்தார். மொத்தம் சுமார் 2.1 கோடி ஏக்கர். தேசிய அறிவியல் கழகம் அமைத்த ஒரு குழு இதைப் பரிந்துரைத்திருந்தது. மேற்கு மாநில உறுப்பினர்களை யாரும் கலந்து பேசவில்லை. குழுவிலேயே இளையவரான கிஃபோர்டு பின்ஷோ, காடுகளை ஒதுக்குவதோடு அவற்றை மக்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற திட்டத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்று வாதாடினார். குழுத் தலைவர் ஏற்கவில்லை.

மேற்கில் கொந்தளிப்பு எழுந்தது. அதே ஆண்டு ஜூன் 4-ல் வந்த சட்டம், புதிய காப்புக்காடுகளில் பெரும்பாலானவற்றை ஒன்பது மாதத்துக்கு நிறுத்திவைத்தது. காட்டை நடத்துவதற்கான விதிகளும் அதே சட்டத்தில்தான் முதன்முதலாக வந்தன. பின்ஷோ வாதாடிய விதிகள்தாம் அவை. முன்பே வந்திருந்தால் இந்த எதிர்ப்பில் பாதி இருந்திருக்காது.

பின்ஷோவின் ஆசான்களில் ஒருவர் டீட்ரிச் பிராண்டிஸ். இந்தியாவின் முதல் தலைமை வன அதிகாரி அவர். 1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்த காலத்தில் சென்னை மாகாணக் காடுகளின் நிர்வாகத்துக்கு ஆலோசனை சொன்னவரும் அவரே. ஐரோப்பாவில் வனவியல் படிக்கப் போன பின்ஷோ 1889-ல் அவரைச் சந்தித்து வழிகாட்டுதல் பெற்றார். ஆனால் பிராண்டிஸ் வேலை செய்த சூழல் வேறு. காலனி அரசு ஒரு காட்டைக் காப்புக்காடு என்று அறிவித்தால், அதைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்களுக்கு அந்த அரசை மாற்ற வாக்கு கிடையாது. மேற்கு மாநிலமான மொன்டானாவின் மேய்ச்சல்காரருக்கு வாக்கு இருந்தது, செனட்டர் இருந்தார், ஊரில் ஒரு பத்திரிகையும் இருந்தது. வனவியலை அப்படியே கொண்டுவரலாம், அதிகாரத்தைக் கொண்டுவர முடியாது என்ற இந்த வேறுபாட்டைப் பின்ஷோ தொடக்கத்திலேயே புரிந்துகொண்டார். பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

1898–1904: முதலில் உதவி, பிறகு செய்தி

1898 ஜூலை 1-ல் வேளாண் அமைச்சகத்தின் வனவியல் பிரிவுக்குப் பின்ஷோ தலைவரானார். நிலைமை விசித்திரமாக இருந்தது. காப்புக்காடுகள் அனைத்தும், அரசு நிலங்களைக் கவனித்த உள்துறையின் நில அலுவலகத்தில் இருந்தன. வனவியல் தெரிந்த சிலர் வேளாண் அமைச்சகத்தில் இருந்தார்கள். அவர்கள் கையில் ஒரு ஏக்கர் காடுகூட இல்லை.

எடுத்த முதல் முடிவு: தனியார் காட்டுக்காரர்களுக்கு நேரில் போய் உதவுவது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான 21-ஆம் எண் சுற்றறிக்கை அந்த ஏற்பாட்டை விளக்கியது. விவசாயியின் சிறு மரத்தோப்பு என்றால் அலுவலர் வந்து பார்த்து, எதை வெட்டுவது எதை விடுவது என்று குறித்துத் தருவார்; செலவு முழுக்க அரசுடையது. பெரிய மரக் கம்பெனிகளின் காடு என்றால் அலுவலரின் சம்பளம் அரசுடையது, பயணமும் சாப்பாடும் கம்பெனியுடையது. முதல் ஆண்டிலேயே 35 மாநிலங்களிலிருந்து 123 பேர், சுமார் 15 லட்சம் ஏக்கருக்கு உதவி கேட்டு எழுதினார்கள்.

விளம்பர வேலையின் கண்ணோட்டத்தில் இது பெரிய அடித்தளம். உதவி பெற்ற ஒவ்வொரு மரத்தோப்பும் அந்த வட்டாரப் பத்திரிகைக்கு ஒரு செய்தி. செய்தியில் வருகிறவர் வாஷிங்டன் அதிகாரி அல்லர். வாசகருக்குத் தெரிந்த பக்கத்து ஊர்க்காரர். மரக் கம்பெனிகள் எதிரிகளாக இல்லாமல் வாடிக்கையாளர்களாக உள்ளே வந்தார்கள். வனவியல் என்றால் மரம் வெட்டவே கூடாது என்று சொல்லும் கூட்டம் என்ற எண்ணத்தை எந்தத் துண்டறிக்கையாலும் இவ்வளவு சீக்கிரம் மாற்றியிருக்க முடியாது.

இதோடு 1899-ல் வனவியல் அரிச்சுவடி ஒன்றின் முதல் பகுதி வந்தது. ஒரு மரம் எப்படி வளர்கிறது, மரங்கள் சேர்ந்து நிற்கும்போது ஒளிக்கு எப்படிப் போட்டியிடுகின்றன, தீயும் மேய்ச்சலும் என்ன செய்கின்றன என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்படி, படங்களோடு எழுதப்பட்டது. பின்னர் விவசாயிகளுக்கான மலிவுப் பிரசுர வரிசையிலும் அது சேர்ந்து மிகப் பரவலாகப் போனது.

செய்திப் பிரிவின் வேலைமுறை

1905-ல் வனத்துறை என்ற பெயரும் முழு அமைப்பும் வருவதற்கு முன்பே செய்திப் பிரிவு உருவெடுத்துவிட்டது. அதன் வேலை நான்கு வழிகளில் ஓடியது.

ஒன்று, செய்திக்குறிப்பு. அரசு அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்கம் நீளும், ஆசிரியர் மேசையிலேயே கிடந்து மக்கும். இந்தப் பிரிவு ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து, பத்திரிகைப் பத்தியில் அப்படியே அச்சுக்கோக்கக்கூடிய அளவில், செய்தி நடையில் எழுதி அனுப்பியது. சிற்றூர்ப் பத்திரிகைகளில் ஆசிரியரே அச்சுக்கோப்பவர், அவரே விளம்பரம் திரட்டுபவர். பக்கம் நிரப்ப நம்பகமான சரக்கு இலவசமாகக் கிடைத்தால் போட்டுவிடுவார்.

சரக்கின் தன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு. வேலிக்கம்பங்கள் மண்மட்டத்தில்தான் முதலில் அழுகும். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் அது. நன்றாக உலர்ந்த கம்பத்தின் அடிப்பகுதியை, மரம் அழுகாமல் காக்கும் கிரியோசோட் எண்ணெயைச் சூடாக்கி அதில் நிறுத்தினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். பிறகு எண்ணெயை ஆறவிட்டாலோ, கம்பத்தைக் குளிர்ந்த எண்ணெய்க்கு மாற்றினாலோ, உள்ளே எஞ்சிய காற்று சுருங்கி எண்ணெயை இழுத்துக்கொள்ளும். பெரிய அழுத்தக் கலன் தேவையில்லை, திறந்த தொட்டி போதும். பச்சை மரத்தை நனைத்தால் எண்ணெய் உள்ளே இறங்காது, செலவுதான் வீண். இப்படிப்பட்ட ஒரு குறிப்பைப் படிக்கிற விவசாயிக்கு வனத்துறை பயனுள்ள அலுவலகமாகத் தெரிகிறது. கம்பம் இரண்டு மடங்கு காலம் நின்றால் வெட்டுகிற மரம் பாதியாகிறது என்ற பாதுகாப்புச் செய்தி தானாக உள்ளே போகிறது.

இரண்டு, முகவரிப் பட்டியல். பத்திரிகை ஆசிரியர்கள், ஆசிரியப் பணியில் இருப்பவர்கள், மர வியாபாரிகள், மேய்ச்சல்காரர்கள், சங்கங்கள் என்று பல லட்சம் பெயர்கள் வரை அது வளர்ந்தது. ஒருமுறை கேள்வி எழுதிக் கேட்டவர் தொடர்ந்து தொடர்பில் இருந்தார். அரசு அஞ்சல் சலுகை இருந்ததால் தபால் செலவு ஒரு தடையாகவில்லை. எதிரிகளின் கண்ணை முதலில் உறுத்தியவற்றில் இந்தப் பட்டியலும் ஒன்று.

மூன்று, படம். வெட்டி எரித்துக் கைவிட்ட மலைச்சரிவு, மண் அரித்த ஓடை, ஒழுங்காக வெட்டி இளமரம் விட்ட காடு என்று நிழற்படங்கள் சேர்க்கப்பட்டன. சொற்பொழிவாளர்களுக்கு, விளக்கொளியில் திரையில் காட்டும் கண்ணாடிப் படத் தொகுப்புகள் கடன் கொடுக்கப்பட்டன. 1908 டிசம்பரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியோடு, காடழிந்த சீன மலைகளின் படங்களும் போயின. வேளாண் அமைச்சகத்துக்காகத் தாவரம் திரட்டப் போன ஒருவர் எடுத்த படங்கள் அவை.

நான்கு, இடைநிலை அமைப்புகள். பெண்கள் மன்றங்களின் தேசியக் கூட்டமைப்பு வனவியலைத் தன் வேலைகளில் ஒன்றாக ஏற்றது. மினசோட்டாவில் 1908-ல் தேசியக் காடு அமைந்ததில் அங்குள்ள பெண்கள் மன்றங்களின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. வாக்குரிமை இல்லாத பெண்கள் மனு எழுதியும் கூட்டம் போட்டும் சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தும் செய்த வேலை அது. செய்திக்குறிப்பை மட்டும் எண்ணுகிற வரலாறுகள் இதை விட்டுவிடுவது நியாயமில்லை.

1905: மாநாடும் மாற்றமும்

காடுகளை உள்துறையிடமிருந்து வேளாண் அமைச்சகத்துக்கு மாற்ற வேண்டும் என்பது ஏழாண்டுக் கோரிக்கை. 1905 ஜனவரி 2 முதல் 6 வரை வாஷிங்டனில் அமெரிக்க வன மாநாடு கூடியது. அமெரிக்க வனவியல் சங்கத்தின் பெயரில் கூடினாலும் திட்டமிட்டதில் பின்ஷோவின் கை பெரிது. மேடையில் யார் என்பதில்தான் அதன் சூட்சுமம்: ரயில்வே, சுரங்கம், மர அறுவை, மேய்ச்சல், பாசனம் என்று மரத்தையும் தண்ணீரையும் நம்பியிருக்கும் தொழில்காரர்கள். இயற்கை ஆர்வலர்கள் கேட்டால் உணர்ச்சி என்று ஒதுக்கலாம். ரயில்வே தண்டவாளக் கட்டைக்கு மரமில்லை என்று கம்பெனிக்காரரே சொன்னால் ஒதுக்க முடியாது. அதே சமயம் ஒரிகான் மாநில நில மோசடி வழக்குகள் நாளேடுகளில் ஓடிக்கொண்டிருந்தன. அம்மாநில செனட்டர் ஒருவர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. அரசு நிலங்களைக் கவனித்த நில அலுவலகத்துக்காகப் பரிந்து பேச ஆளில்லை.

பிப்ரவரி 1-ல் மாற்றச் சட்டம் கையெழுத்தானது. 6.3 கோடி ஏக்கர் கைமாறியது. அதே நாள் தேதியிட்டு வேளாண் அமைச்சர் ஜேம்ஸ் வில்சன் பின்ஷோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை வரைந்தவர் பின்ஷோவேதான். முரண்படும் நலன்கள் மோதும்போது, நெடுங்காலத்தில் மிகப் பெரும்பாலோருக்கு மிகப்பெரும் நன்மை எது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்ற புகழ்பெற்ற வரி அதில் இருக்கிறது. ஒரு துறை தன் கொள்கையை ஒரு கடிதமாக, யாரும் மேற்கோள் காட்டக்கூடிய சொற்களில், முதல் நாளே வெளியிட்டது என்பது 1897-ல் நடந்ததற்கு நேர் எதிர்.

ஜூலையில் ரேஞ்சர்களுக்கான கையேடு வந்தது. சட்டைப்பையில் அடங்கும் அளவு. விதிகளோடு, மக்களிடம் நடந்துகொள்ளும் முறையும் அதில் இருந்தது: கேட்பவருக்கு முழுமையாகவும் முகமலர்ச்சியோடும் பதில் சொல்ல வேண்டும், தவறு நடந்தபின் திருத்துவதைவிட முன்கூட்டியே விவரம் சொல்லித் தவறைத் தடுக்க வேண்டும், புண்படுத்தும் எச்சரிக்கையாக இல்லாமல் பக்குவமான ஆலோசனையாகச் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவு செய்த மக்கள் தொடர்பு வேலையில் மிகச் சிறந்தது இந்தச் சில வரிகள்தாம் என்பது எங்கள் கணிப்பு. வாஷிங்டனிலிருந்து வரும் குறிப்பை மேய்ச்சல்காரர் படிக்காமல் போகலாம். குதிரையில் வந்து கதவைத் தட்டும் ரேஞ்சரிடம் பேசாமல் இருக்க முடியாது.

1905–1907: எதிர்ப்பும் பதிலும்

1906 ஜனவரி 1 முதல் மேய்ச்சல் கட்டணம் வந்தது. கோடைப் பருவத்துக்கு மாட்டுக்கும் குதிரைக்கும் தலைக்கு 20 முதல் 35 சென்ட், ஆட்டுக்கு 5 முதல் 8 சென்ட். தொகை சிறிதுதான். இலவசமாக இருந்ததற்குக் காசு என்பதே கோபம்.

ஐடஹோ செனட்டர் வெல்டன் ஹேபர்ன் காப்புக்காடுகளைக் கடுமையாக எதிர்த்தார். அவருக்கும் அரசுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைத் திரட்டி, 1905-ல் வனத்துறை 67-ஆம் எண் வெளியீடாக அச்சிட்டுப் பரப்பியது. வாதத்தில் இது வெற்றி. படித்தவர்களுக்கு யார் பக்கம் நியாயம் என்று தெரிந்தது. ஆனால் ஒரு செனட்டரை அரசுச் செலவில் அச்சேற்றியதை மற்ற செனட்டர்கள் கவனித்துக்கொண்டார்கள். நிதி ஒதுக்குவது அவர்கள் கையில் இருந்தது.

1907-ல் கணக்குத் தீர்க்கப்பட்டது. ஒரிகானின் செனட்டர் சார்லஸ் ஃபுல்டன் வேளாண் நிதி மசோதாவில் ஒரு நிபந்தனை சேர்த்தார்: ஒரிகான், வாஷிங்டன், ஐடஹோ, மொன்டானா, வயோமிங், கொலராடோ ஆகிய ஆறு மாநிலங்களில் இனி நாடாளுமன்றம் மட்டுமே புதுக் காப்புக்காடு அமைக்கலாம். மசோதாவை மறுத்தால் துறைக்குப் பணமில்லை. அலுவலர்கள் இரவு பகலாக வரைபடம் தயாரித்தார்கள். கையெழுத்திடுமுன் ரூஸ்வெல்ட் சுமார் 1.6 கோடி ஏக்கரை அறிவித்துவிட்டார். அதே சட்டம் காப்புக்காடு என்ற பெயரைத் தேசியக் காடு என்று மாற்றியது.

நிலம் கிடைத்தது. முறை மட்டும் 1897-ன் முறை. அந்த ஜூனில் டென்வரில் பொதுநில மாநாடு கூடியபோது பின்ஷோ நேரில் போய், எதிர்ப்பாளர்கள் நிறைந்த அரங்கில் நின்று பேசினார். அது துணிவான, சரியான முடிவு.

1908 மே: மேடையும் கடிவாளமும்

1908 மே 13 முதல் 15 வரை வெள்ளை மாளிகையில் ஆளுநர்கள் மாநாடு. மாநில ஆளுநர்களை இப்படி ஒரே பொருளுக்காகக் கூட்டியது அதுவே முதல் முறை. நாடாளுமன்றம் பணம் ஒதுக்கவில்லை. பின்ஷோ தன் சொந்தப் பணத்தையும் போட்டார். ஒன்றரை ஆண்டுக்குள் 41 மாநிலங்கள் இயற்கைவளக் குழுக்கள் அமைத்தன. இயற்கைவளப் பாதுகாப்பு என்ற சொல் வீடுதோறும் புழங்கத் தொடங்கியது இதிலிருந்துதான்.

அழைப்புப் பட்டியலில் ஜான் மியூர் இல்லை. காட்டின் அழகுக்காக எழுதி நாட்டையே திருப்பியவர் அவர். காட்டைப் பயன்படுத்தியே காக்க வேண்டும் என்ற பயன்பாட்டு வாதத்துக்கு அவர் இடையூறு என்று கருதினார்கள். ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் சான்பிரான்சிஸ்கோவுக்காக அணை கட்டும் சர்ச்சையில் இரு பிரிவும் எதிரெதிராக நின்றபோது இந்தப் பிளவு முழுதாகத் தெரிந்தது. 1913 டிசம்பரில் அணைக்கு அனுமதி கிடைத்தது.

மாநாடு முடிந்து எட்டு நாளில், மே 23-ல், வேளாண் நிதிச் சட்டம் வந்தது. வயோமிங் உறுப்பினர் ஃபிராங்க் மான்டெல் முன்வைத்த நிபந்தனை அதில் இருந்தது: வனத்துறைக்கான பணத்தில் எந்தப் பகுதியையும் பத்திரிகைக் கட்டுரை தயாரிக்கவோ வெளியிடவோ கொடுக்கக் கூடாது. ஆனால் பொதுமக்களுக்குப் பயன்படும் உண்மைகளையும் அதிகாரபூர்வத் தகவலையும், பத்திரிகையாளர் உட்பட எல்லாருக்கும் பாரபட்சமின்றித் தருவதற்குத் தடையில்லை.

இரண்டாவது வாக்கியம்தான் செய்திப் பிரிவைக் காப்பாற்றியது. கட்டுரைக்குப் பணம் கொடுப்பது வேறு, தகவலை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பது வேறு என்ற கோடு அங்கே விழுந்தது. குறிப்புகள் தொடர்ந்தன. 1913-ல் நாடாளுமன்றம் தனியாக ஒதுக்காத பணத்தில் எந்த அரசுத் துறையும் விளம்பர நிபுணரை அமர்த்தக் கூடாது என்ற பொதுச் சட்டமும் வந்தது.

அதே 1908 சட்டத்தில் பலர் கவனிக்காத இன்னொன்று: தேசியக் காடுகளின் வருமானத்தில் 25 விழுக்காடு, பள்ளிக்கும் சாலைக்கும் என அந்தந்த மாநிலத்துக்கே போகும். முன்பு 10 விழுக்காடாக இருந்தது. வரி விதிக்க நிலமில்லாமல் போகிறது என்ற மாவட்டங்களின் குறைக்கு இது நேரடிப் பதில். டிசம்பர் 1-ல் நிர்வாகமும் வாஷிங்டனிலிருந்து மிசூலா, டென்வர், ஆல்புகர்க்கி, ஆக்டன், சான்பிரான்சிஸ்கோ, போர்ட்லண்ட் ஆகிய ஆறு ஊர்களுக்குப் பிரிக்கப்பட்டது. மேற்கின் கோபம் தணிந்ததில் இந்த இரண்டுக்கும் உள்ள பங்கு செய்திக்குறிப்புகளுக்கு இல்லை என்றே சொல்வோம்.

பயத்தை முன்வைத்த இரண்டு வாதங்கள்

முதலாவது மரப்பஞ்சம். இப்போதைய வேகத்தில் வெட்டினால் முப்பது ஆண்டுக்குக்கூட மரம் இராது என்று துறைத் தலைமை திரும்பத் திரும்பச் சொன்னது. நிற்கும் மரத்தின் மதிப்பீட்டை ஆண்டு வெட்டால் வகுத்து, வளர்ச்சியைவிட வெட்டு மூன்று மடங்கு என்று காட்டிய கணக்கு அது. பிழை இரண்டு இடத்தில். நாட்டில் முழுமையான மரக் கணக்கெடுப்பு அப்போது இல்லை. தேவை குறையும் என்று யாரும் எண்ணவும் இல்லை. மரம் விலை ஏறியதும் எஃகும் சிமென்டும் செங்கல்லும் அந்த இடத்தைப் பிடித்தன. எண்ணெய் ஊட்டிய ரயில் கட்டைகள் பல ஆண்டு கூடுதலாக உழைத்தன. நாட்டின் மர அறுவை 1906–07-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உச்சம் தொட்டு இறங்கியது. சொன்ன பஞ்சம் வரவில்லை. பின்னால் வந்த வன அதிகாரிகள் எதைச் சொன்னாலும் அந்தப் பழைய எண்ணை எடுத்துக்காட்டிப் பதில் சொல்ல எதிர்ப்பாளர்களுக்கு வசதியாகிவிட்டது.

இரண்டாவது வெள்ளம். கிழக்கு மாநிலங்களில் அரசு நிலம் இல்லை; காடு வேண்டுமென்றால் விலைக்கு வாங்க வேண்டும். கப்பல் போகும் ஆறுகளின் நீரோட்டத்தைக் காப்பதற்காக மட்டுமே மத்திய அரசு அப்படி வாங்க முடியும் என்று 1908-ல் நாடாளுமன்றச் சட்டக் குழு கருத்துச் சொன்னது. அதன் பிறகு பிரசாரம் முழுக்கக் காடு வெள்ளத்தைத் தடுக்கும் என்ற ஒரே வாதத்தில் குவிந்தது. சட்டத்தின் வாசலுக்கு ஏற்ப அறிவியல் வளைக்கப்பட்டது என்றே இதைப் பார்க்கிறோம். அதே ஆண்டு இராணுவப் பொறியாளர் ஹைரம் சிட்டென்டன், பெருவெள்ளத்தைக் காடு தடுப்பதில்லை என்று பொறியாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். 1910-ல் வானிலைத் துறைத் தலைவரும் அந்தப் பக்கம் சேர்ந்தார். ஓர் அரசின் இரண்டு துறைகள் பத்திரிகையில் மோதிக்கொண்டன.

இதில் விளைந்த நன்மை, கொலராடோவின் வேகன் வீல் கேப்பில் 1910-ல் தொடங்கிய ஆய்வு. சண்டையிட்ட இரு துறைகளும் சேர்ந்து நடத்தின. தலா சுமார் 200 ஏக்கருள்ள இரண்டு பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகளை ஒன்பது ஆண்டு அப்படியே அளந்து, 1919-ல் ஒன்றில் மட்டும் மரங்களை வெட்டி, 1926 வரை மீண்டும் அளந்தார்கள். வெட்டிய பகுதியிலிருந்து ஓடிவந்த நீரின் மொத்த அளவு கூடியது. மரங்கள் உறிஞ்சி ஆவியாக்கியது குறைந்ததால். நிலத்தைக் காடு காக்கிறது, மண்ணைப் பிடிக்கிறது என்பவை நின்றன. எல்லா ஆற்றுக்கும் எல்லா வெள்ளத்துக்கும் காடே மருந்து என்பது நிற்கவில்லை.

1909–1911: முறிவும் மிச்சமும்

1909 மார்ச்சில் வில்லியம் டாஃப்ட் அதிபரானார். உள்துறை அமைச்சர் ரிச்சர்ட் பாலிஞ்சர், அலாஸ்கா நிலக்கரி நில உரிமைக் கோரிக்கைகளை நடத்திய விதம் பற்றி நில அலுவலக அதிகாரி லூயிஸ் கிளாவிஸ் புகார் எழுப்பினார், வேலை இழந்தார். நவம்பரில் அவர் எழுதியது காலியர்ஸ் வார இதழில் வந்தது. வனத்துறையின் இரண்டு அதிகாரிகள் இந்த விவகாரத்தில் பத்திரிகைகளுக்குத் தகவல் போக உதவியிருந்தார்கள். பின்ஷோ அதை மறைக்காமல், அவர்களைத் தாங்கி ஒரு செனட்டருக்குக் கடிதம் எழுதினார். 1910 ஜனவரி 6-ல் அது செனட்டில் வாசிக்கப்பட்டது. மறுநாள் மூவருமே பதவி நீக்கப்பட்டார்கள்.

விசாரணையில் பாலிஞ்சர் குற்றவாளி என்று தீர்ப்பாகவில்லை. ஆனால் டாஃப்டின் முடிவுக்கு ஆதாரமாகக் காட்டிய ஓர் ஆவணம் பிற்பாடு தயாரித்து முன்தேதியிட்டது என்பது வெளியாகி, அரசின் பெயர் கெட்டது. 1911 மார்ச்சில் பாலிஞ்சர் விலகினார்.

இதற்கிடையே 1910 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் பெருந்தீ சுமார் 30 லட்சம் ஏக்கரை எரித்தது. தீயணைக்கப் போன எண்பது பேர் அளவில் இறந்தார்கள். 1911 மார்ச் 1-ல் கிழக்குக் காடுகளை வாங்கும் வீக்ஸ் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் மேய்ச்சல் கட்டண வழக்கிலும் அத்துமீறிய மேய்ச்சல் வழக்கிலும் வனத்துறைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1909-ல் 19 கோடி ஏக்கரைத் தாண்டியிருந்த தேசியக் காடுகள் நிலைத்தன.

பிரசாரத்தின் பொருள் அதன்பின் தீயாக மாறியது. எந்தத் தீயும் எதிரி என்ற செய்தி மிக நன்றாக வேரூன்றியது. கலிபோர்னியாவில் சிறுதீ வைத்துத் தரைச்சருகைக் குறைக்கும் பழைய வழக்கத்தை ஆதரித்தவர்களை, பழங்குடிகளின் வனவியல் என்று இழித்துப் பேசித் துறை ஒதுக்கியது. கட்டுப்படுத்திய தீயின் பயனைத் துறையே ஏற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதற்குள் சருகும் இளமரமும் அடர்ந்து, தீ பிடித்தால் அடக்க முடியாத காடுகள் உருவாகியிருந்தன.

மாற்றிச் செய்ய வேண்டியவை

உதவியும் விவரமும் முன்னே போக, அறிவிப்பு பின்னே வர வேண்டும். 1905-ல் அப்படி நடந்தது, பலித்தது. 1897-லும் 1907-லும் தலைகீழாக நடந்தது. நிலம் கிடைத்தாலும் பகை தங்கியது. 1907-ல் அவசரத்துக்குக் காரணம் இருந்தது என்பதை ஏற்கிறோம். அப்படியானால் அறிவித்த வாரத்திலேயே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வரைபடமும், எதற்கு அனுமதி உண்டு என்ற பட்டியலும் போயிருக்க வேண்டும்.

எதிர்காலம் பற்றிய எண்ணை வெளியிடும்போது, அது எந்தக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது, எந்த அனுமானம் மாறினால் எண் மாறும் என்பதை அதே குறிப்பில் எழுத வேண்டும். முப்பது ஆண்டு என்பதற்குப் பதில், இன்றைய தேவை இப்படியே நீடித்தால் என்ற நிபந்தனையைத் தலைப்பிலேயே வைத்திருந்தால் பின்னால் வந்த அவமதிப்பு தவிர்ந்திருக்கும். ஒரே வாதத்தில் எல்லாப் பாரத்தையும் ஏற்றுவதும் கூடாது. வெள்ள வாதம் ஆட்டம் கண்டபோது மண்ணரிப்பு, நீரின் தூய்மை, மரம் என்ற மற்ற காரணங்களும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாயின.

தலைவரின் முகமும் துறையின் முகமும் ஒன்றாகிவிட்டன. பின்ஷோ தன் பணத்தைப் போட்டார், தன் நட்புகளைப் பயன்படுத்தினார். அதனால் வேகம் கிடைத்தது. அவர் போனபோது துறை தளர்ந்தது. ஆறு வட்டார அலுவலகங்களும் 1908-க்குப் பதில் 1905-லேயே தங்கள் ஊர்ப் பத்திரிகைகளோடு தாங்களே பேசத் தொடங்கியிருந்தால் பாரம் பகிர்ந்திருக்கும்.

முகவரிப் பட்டியலில் இல்லாதவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நியூமெக்ஸிகோவின் தாவோஸ் பழங்குடியினர் புனிதமாகப் போற்றும் நீல ஏரியும் அதைச் சுற்றிய காடும் 1906-ல் காப்புக்காட்டுக்குள் சேர்க்கப்பட்டன. அவர்களைக் கேட்கவில்லை. 1970-ல் 48,000 ஏக்கர் அவர்களிடம் திரும்பியது. இடையில் 64 ஆண்டு மனுவும் வழக்கும். பல லட்சம் பேருக்குக் குறிப்பு அனுப்பிய அலுவலகத்துக்கு அந்த ஒரு ஊருக்கு ஆளனுப்பிக் கேட்பது கடினமான வேலையாக இருந்திருக்காது.

பணத்தைப் பொறுத்தவரை 1908 நிபந்தனையின் இரண்டாவது வாக்கியத்தையே இன்றைய அமைப்புகளும் விதியாக வைத்துக்கொள்ளலாம்: கட்டுரை எழுதக் காசு தராமல், விவரத்தை ஒரே நாளில் எல்லாப் பத்திரிகைக்கும், எதிர்த்து எழுதும் பத்திரிகைக்கும் சேர்த்து அனுப்புவது. அச்சில் வந்த ஒவ்வொரு எண்ணுக்கும் மூல ஆவணத்தைக் கோப்பில் வைத்து, கேட்பவருக்கு அன்றே காட்ட முடிய வேண்டும்.